ஒன்பதாவது வாக்கு

சர்வதேச விவகாரங்கள் குறித்த பொதுச் சொற்பொழிவுகளையும் பயிலரங்குகளையும் ஏற்பாடு செய்வது பல்கலைக்கழகத்தில் என் வேலை. பதவியின் பெயரைக் கேட்டால் ஏதோ தூதரக உத்தியோகம் போலத் தோன்றும். செய்வதென்னவோ, பேச்சாளரின் விமானம் தாமதமானால் கூட்டத்தைச் சமாளிப்பதும், மைக் கரகரத்தால் மேடைக்கு ஓடுவதும், முன்வரிசையில் யாருக்கு எந்த நாற்காலி என்று துறைத்தலைவர்களுக்கு நடுவே சமரசம் பேசுவதும்தான். உலக அமைதி பற்றிய கூட்டங்களுக்குத்தான் இந்தச் சமரசம் அதிகமாகத் தேவைப்பட்டிருக்கிறது.

ஆரம்பத்தில் அரங்கம் நிறைந்தால் கூட்டம் வெற்றி என்று நானும் நினைத்தேன். அலுவலகப் படிவம் கேட்பதும் தலைக்கணக்கைத்தான். எங்காவது போர் மூண்டுவிட்டால் போதும், படிக்கட்டுகளில்கூட இடம் இருக்காது. அதே பேராசிரியர் கடல் சட்டம் பற்றிப் பேச வந்தபோது முப்பது பேர் இருந்தார்கள். அதில் பத்துப் பேர் வருகைப் பதிவுக்காக வந்தவர்கள். நிறைந்த அரங்குக்கு ஒரு குணம் உண்டு. அது தீர்ப்பைக் கேட்க வந்திருக்கும். நியாயம் யார் பக்கம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் கைதட்டல் கூரையைப் பிளக்கும். 'ஆனால்' என்று பேச்சாளர் இழுத்தால் பின்வரிசை மெல்லக் கலையத் தொடங்கும். மேடையில் அந்த 'ஆனால்' வராமல் பார்த்துக்கொண்டு, இறங்கி வந்து நடைவழியில் அதை என்னிடம் சொன்ன பேச்சாளர்கள் பலர்.

கேள்வி நேரம் தனிக் கதை. மைக்கை வாங்கும் முதல் ஆள் பெரும்பாலும் கேள்வியோடு வருவதில்லை. தன் சொற்பொழிவோடு வருவார். ஒருமுறை ஒருவர் ஒன்பது நிமிடம் பேசிவிட்டு, "இது குறித்துத் தங்கள் கருத்து?" என்று முடித்தார். பேச்சாளர் எழுந்து, "தங்கள் கருத்தே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றோடு மைக்கை நிறுத்திவிட்டுத் துண்டுச் சீட்டு முறையைக் கொண்டுவந்தேன். பேச்சுரிமையைப் பறிக்கிறாய் என்று திட்டு விழுந்தது. ஆனால் அதுவரை வாயே திறக்காதவர்களின் கேள்விகள் என் கைக்கு வர ஆரம்பித்தன.

அப்படி வந்த ஒரு சீட்டில் பென்சிலில் எழுதியிருந்தது: "ஊர் முழுக்க வெள்ளத்தில் போய்விட்டால் நான் அகதியா?" வந்திருந்த சட்ட வல்லுநர் அதைப் படித்துவிட்டு, தயாரித்து வந்த தாள்களை ஓரமாக வைத்தார். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை சொல்லும் காரணங்களை விரல்விட்டு எண்ணினார்: இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து. இவற்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தோடு நாட்டைவிட்டு வெளியேறியிருக்க வேண்டும். வெள்ளமும் வறட்சியும் அந்தப் பட்டியலில் இல்லை. ஐந்து விரல்களை மடக்கிய கை மேசைமேல் அப்படியே இருந்தது. அரங்கில் சத்தமே இல்லை. அந்தச் சீட்டை எழுதியது யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பெயர் தெரியாமல் பேசுவதற்கும் ஒரு மரபு இருக்கிறது. லண்டனில் உள்ள சர்வதேச விவகார ஆய்வு நிறுவனமான சாத்தம் ஹவுஸ் 1927இல் வகுத்த விதி அது. கூட்டத்தில் கேட்டதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதை வெளியிடக் கூடாது. இதைப் 'பேசியது எதுவும் வெளியே போகக் கூடாது' என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நானும் முதலாண்டில் அப்படித்தான் அறிவித்தேன். விளைவு, குறிப்பெடுக்கவே பயந்துபோய் மாணவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த முறை சரியாக விளக்கினேன். அன்று மாலையே ஒரு மாணவர் பேச்சாளரின் படத்தோடு அவர் சொன்னதைச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டார். ஓய்வுபெற்ற அந்த அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மீண்டும் அழைத்தேன், வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

சொற்பொழிவுகளின் மேல் எனக்கிருந்த பற்று குறைந்ததற்கு இதெல்லாம் காரணமல்ல. காரணம், பதினேழே பேர் வந்த ஒரு பயிலரங்கு.

ஐ.நா. பாதுகாப்புச் சபையை நடித்துப் பார்க்கும் பயிற்சி அது. பதினைந்து பேர் பதினைந்து நாடுகள், இருவர் குறிப்பெடுப்பவர்கள். எந்த நாடு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தேன். இல்லையென்றால் எல்லோரும் தமக்குப் பிடித்த நாட்டை எடுத்துக்கொண்டு அரங்கத்தில் செய்ததையே இங்கும் செய்வார்கள். விவகாரம் கற்பனைதான்: இரண்டு நாடுகள், நடுவே ஒரு நதி, மேலே இருக்கும் நாடு எல்லை தாண்டிக் கைப்பற்றிய ஓர் அணை.

முதல் ஒரு மணி நேரம் உரைகள் அனல் பறந்தன. வரைவுத் தீர்மானத்தை எழுத உட்கார்ந்ததும் அனல் தணிந்தது. ஏனென்றால் அங்கே ஒவ்வொரு பத்தியும் ஒரு வினைச்சொல்லில் நிற்கிறது. கவனத்தில் கொள்கிறது, கவலை தெரிவிக்கிறது, வருந்துகிறது, கண்டிக்கிறது, கேட்டுக்கொள்கிறது, முடிவு செய்கிறது. 'முடிவு செய்கிறது' என்று எழுதினால் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் கடமை வந்து சேர்கிறது; 'கேட்டுக்கொள்கிறது' என்றால் நழுவ இடம் இருக்கிறது. 'வருந்துகிறது', 'கண்டிக்கிறது' இரண்டுக்கும் இடையே நாற்பது நிமிடம் போனது. மேடைப் பேச்சில் 'கண்டிக்கிறேன்' என்பதை மூச்சுக்கு மூச்சு சொல்லும் ஒரு மாணவி, தனக்குச் சீட்டில் விழுந்த நாட்டின் வர்த்தகக் கணக்கைப் பார்த்துவிட்டு, "வருந்தினால் போதாதா?" என்று கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

படைகள் எங்கிருந்து விலக வேண்டும் என்ற வாக்கியம் வந்ததும் ஒரு பழைய தீர்மானத்தை எடுத்துக் கொடுத்தேன். 1967 நவம்பர் 22 அன்று ஒருமனதாக நிறைவேறிய 242ஆம் தீர்மானம். மோதலில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் 'பகுதிகள்' என்பதற்கு முன், குறிப்பிட்டவற்றைச் சுட்டும் 'தி' (the) என்ற சொல் இல்லை. பிரெஞ்சு வடிவத்தில் அதற்கு இணையான சொல் இருக்கிறது. எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்து மட்டுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள் என்றேன். ஒருவர் 'பகுதிகளிலிருந்து' என்று எழுதினார். அடுத்தவர் 'பகுதிகள் அனைத்திலிருந்தும்' என்றார். நம் மொழியில் 'தி' கிடையாது. ஒரு 'உம்' சேர்ப்பதா விடுவதா என்பதில் சண்டை முளைத்தது. சேர்க்காமல் விட்டால் இரு தரப்பும் அவரவருக்கு வேண்டியதைப் படித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் கண்டுபிடித்தார். அந்தத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பிறகு வாக்கெடுப்பு. எல்லோருடைய கண்ணும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் என்ற ஐந்து நிரந்தர உறுப்பினர்கள் மேல். அவர்களில் ஒருவர் எதிர்த்து வாக்களித்தாலும் தீர்மானம் விழுந்துவிடும், அதுதான் வீட்டோ. வீட்டோவைத் தடுப்பதற்காகவே மூன்று பத்திகளைத் தண்ணீராக்கியிருந்தார்கள். ஆதரவு எட்டு, எதிர்ப்பு ஒன்று, வாக்களிக்காமல் விலகியவர்கள் ஆறு. எதிர்த்தது நிரந்தர உறுப்பினர் அல்ல. விலகியவர்களில் இருவர் நிரந்தர உறுப்பினர்கள். அவர்கள் விலகுவது வீட்டோ ஆகாது என்பது நெடுநாள் நடைமுறை. "நிறைவேறியது" என்று ஒருவர் மேசையைத் தட்டினார். நிறைவேறவில்லை. ஒன்பது வாக்குகள் வேண்டும். வீட்டோவைப் பற்றி நாள் முழுக்கப் பேசியவர்களில் ஒருவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. 2014 டிசம்பர் 30 அன்று பாலஸ்தீனம் தொடர்பான ஒரு வரைவு இப்படித்தான் எட்டு வாக்குகளில் நின்றுபோனது என்றேன். அன்று அமெரிக்கா எதிர்த்துத்தான் வாக்களித்தது. ஆனால் ஒன்பது சேராததால் அது வீட்டோவாகவே பதிவாகவில்லை.

விலகிய அறுவரில் ஒரு சிறிய நாட்டின் பிரதிநிதியாக இருந்த மாணவர் வாக்குப் பட்டியலை வாங்கி இரண்டு முறை எண்ணினார். நாள் முழுக்க அவர் நான்கு வாக்கியங்களுக்குமேல் பேசியிருக்க மாட்டார். மறுவாக்கெடுப்பு நடத்தலாமா என்று கேட்டார். ஐந்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. நான் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டும்போது பதினேழு பேரும் நடைவழியில் நின்று ஏழாவது பத்தியைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அறிக்கைப் படிவத்தில் 'பங்கேற்றோர்' என்ற இடத்தில் 17 என்று எழுதினேன். 'விளைவு' என்ற இடத்தில் 'தீர்மானம் நிறைவேறவில்லை' என்று எழுதினேன். மதியத்துக்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு. என்ன தீர்மானம், யார் தடுத்தார்கள், புகார் ஏதும் வந்திருக்கிறதா என்று விசாரித்தார்கள். விளக்கிப் பார்த்தேன். கடைசியில், 'நிகழ்ச்சி சிறப்பாக நடைபெற்றது' என்று மாற்றி அனுப்பச் சொன்னார்கள். மாற்றி அனுப்பினேன்.