முத்துவின் முதுகு

முத்து சோபாவின் முன்னால் நின்று வாலை ஆட்டினான்; ஆனால் ஏறவில்லை. ஐந்து ஆண்டுகளாக ஒரு நாளைக்குப் பத்து முறையாவது தாவி ஏறிய சோபா அது. தூக்கி வைக்கச் சொல்கிறான் என்று நினைத்து வயிற்றுக்கு அடியில் கை கொடுத்தபோது, அதுவரை அவனிடம் கேட்டிராத ஒரு கூரிய குரல் வந்தது. உடம்பு லேசாக நடுங்கியது, முதுகு வில் போல மேல்நோக்கி வளைந்திருந்தது, வயிறு பலகை போல இறுகியிருந்தது.

வயிற்றுவலி என்றே நானும் நினைத்தேன், அன்றிரவு அவனைப் பார்த்த மருத்துவரும் நினைத்தார். தொட்ட இடத்தில் வயிறு இறுகுகிற நாய்க்கு வயிறுதான் வலிக்கிறது என்று எண்ணுவதில் பெரிய தவறும் இல்லை. வயிற்றுக்கான மாத்திரையோடு வீடு திரும்பினோம். மறுநாள் காலையில் பின்னங்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டு, குடித்தவன் நடை போலத் தள்ளாடின. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக்கூட எடுக்கவில்லை. முத்துவின் வலது பின்பாதத்தைப் பிடித்து, மேல்பகுதி மேசையில் படும்படி மடித்து வைத்துவிட்டுக் கையை எடுத்தார். நலமாக உள்ள நாய் அந்தக் கணமே பாதத்தைத் திருப்பி ஊன்றிக்கொள்ளும். முத்துவின் பாதம் மடிந்தது மடிந்தபடியே கிடந்தது. அவனோ அது தன்னுடைய கால் என்பதே தெரியாதவன் போலக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வயிறு இல்லைங்க, முதுகு" என்றார் அவர்.

நீண்ட உடம்பும் குட்டைக் காலும் கொண்ட டாக்ஸ்ஹுண்ட் இனம் முத்து; அந்த இன நாயை வளர்க்கிற எவரும் என்றேனும் ஒரு நாள் கேட்க நேரக்கூடிய வாக்கியம் அது. இந்த இனத்தில் நான்கு அல்லது ஐந்து நாய்களில் ஒன்று தன் ஆயுளில் ஒரு முறையேனும் டிஸ்க் கோளாறுக்கு, அதாவது முதுகின் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் வட்டு கெட்டுப்போவதற்கு ஆளாகிறது. மற்ற இனங்களோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கும் மேற்பட்ட வாய்ப்பு. இதைச் சோபாவின் குற்றம் என்றோ படிக்கட்டின் குற்றம் என்றோ நெடுநாள் நானும் நம்பியிருந்தேன். ஆனால் நோயின் வேர் நாம் ஆசைப்பட்டு வாங்குகிற அந்த உருவத்திலேயே இருக்கிறது.

பலரும் இந்த நாயை 'டாஷ் ஹவுண்ட்' என்று சொல்கிறார்கள், ஏதோ ஓட்டப்பந்தய நாய் போல. ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் வளை தோண்டி வாழும் பேட்ஜர், 'ஹுண்ட்' என்றால் நாய். பேட்ஜரின் வளைக்குள் புகுந்து அதை எதிர்கொள்வதற்காகவே வளர்த்தெடுக்கப்பட்ட இனம் என்பதால் குட்டைக் கால், மண்வெட்டி போன்ற அகன்ற முன்பாதம், ஆழ்ந்த மார்பு, மண்ணுக்கு அடியிலிருந்தும் வெளியே கேட்கும் அந்தப் பொருந்தாத பெருங்குரல் எல்லாம் சேர்ந்து வந்தன. குட்டைக் கால் என்பது ஒருவகைக் குள்ளத்தன்மை. எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் ஒன்றே அதற்குக் காரணம் என்பது 2009-இல் தெரியவந்தது. 2017-இல், அதே மரபணுவின் இன்னொரு கூடுதல் நகல் 12-ஆவது குரோமோசோமில் இருப்பதும், டிஸ்க் சீக்கிரமே கெட்டுப்போவதற்கும் அதற்கும் தொடர்பு இருப்பதும் தெரியவந்தன. டாக்ஸ்ஹுண்டுகளில் இந்த நகல் ஏறக்குறைய எல்லா நாய்களிடமும் இருப்பதால், இது இல்லாத நாயைத் தேடிப்பிடித்து இனத்தைச் சீராக்குவது எளிதான காரியமல்ல.

முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்கின் நடுவில் கூழ் போன்ற பொருளும், அதைச் சுற்றி நார் வளையமும் இருக்கின்றன. மற்ற நாய்களில் முதுமையில் மெல்ல வறளும் இந்தக் கூழ், டாக்ஸ்ஹுண்டில் முதல் வயதிலேயே நீரை இழந்து, சுண்ணாம்பு ஏறி, சுண்ணக்கட்டி போல இறுகத் தொடங்கிவிடுகிறது. நார் வளையம் கீழ்ப்பக்கத்தைவிட மேல்பக்கத்தில் மெல்லியது. தண்டுவடம் செல்வதோ அந்த மேல்பக்கத்தில்தான். ஆகவே வளையம் கிழிந்தால் உள்ளிருக்கும் கட்டி நேராகத் தண்டுவடத்தின் மீது போய் மோதுகிறது. மார்பின் முன்பகுதியில் விலா எலும்புகளின் தலைகளை இணைக்கும் தசைநார் ஒன்று டிஸ்க்கின் குறுக்கே அணை போலக் கிடப்பதால் அங்கே இது அரிது. அந்த அணை முடிகிற இடத்தில், கடைசி விலாக்களுக்கும் இடுப்புக்கும் நடுவில்தான் பெரும்பாலும் வெடிக்கிறது. முத்துவுக்கும் அங்கேதான். நான்கு முதல் ஏழு வயதுக்குள் வருவது வழக்கம் என்கிறார்கள். அவனுக்கு அப்போது ஐந்தரை.

மருத்துவர்கள் இந்நோயை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். வலி மட்டும் இருப்பது முதல் படி. தள்ளாடினாலும் நடப்பது இரண்டாவது. கால் அசைந்தும் எழுந்து நடக்க முடியாதது மூன்றாவது. கால் அறவே அசையாதது நான்காவது. பின்விரலின் எலும்பை இடுக்கியால் அழுத்தினாலும் நாய்க்கு அது தெரியாமல் போவது ஐந்தாவது. கால் தானாகச் சுருங்கிக்கொள்வதை வைத்து வலி தெரிகிறது என்று முடிவு செய்யக்கூடாது. அது வெறும் அனிச்சைச் செயலாக இருக்கலாம், நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்பதே கேள்வி. ஆழ்ந்த வலி தெரிகிற நிலையில் அறுவை செய்தால் மிகப் பெரும்பான்மையான நாய்கள் மீண்டும் நடக்கின்றன. அது போய்விட்டால் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சரிய சில நேரம் சில மணி நேரமே போதும். நடக்க முடியாத டாக்ஸ்ஹுண்டைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கக்கூடாது என்பதை நான் இங்கே வற்புறுத்துவது, வயிற்றுவலி என்று நம்பி நானும் ஓர் இரவை வீணாக்கியதனால்தான்.

முத்து இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டதால் அறுவை வேண்டியிருக்கவில்லை. ஆறு வாரம் கூண்டு ஓய்வு என்றார் மருத்துவர். நிற்கலாம், திரும்பலாம், காலை நீட்டிப் படுக்கலாம், ஆனால் நடக்க முடியாது என்ற அளவிலான கூண்டு. கிழிந்த நார் வளையத்தில் தழும்புத் திசு உருவாக அவ்வளவு நாள் ஆகும். முதல் மூன்று நாள் சிரமமில்லை, வலியில் அவனே அசையாமல் கிடந்தான். நான்காம் நாளில்தான் சோதனை தொடங்கியது. மருந்து வலியை அடக்கிவிட்டதும், தனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று அவன் முடிவு செய்துவிட்டான். வளைக்குள்ளிருந்து வெளியே கேட்பதற்கென்றே அமைந்த அந்தக் குரல், ஒரு கூண்டுக்குள்ளிருந்து வீட்டுக்குள் எப்படிக் கேட்கும் என்பதை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். இந்தக் கட்டத்தில் மனம் இளகித் திறந்துவிட்டு, பத்தாம் நாளில் முற்றிலும் முடங்கிய நாயோடு மருத்துவமனைக்கு ஓடியவர்கள் பலர். வலி போனதும் காயம் ஆறியதும் வேறு வேறு என்று நாய்க்குச் சொல்லிப் புரியவைக்க வழியில்லை.

சிறுநீருக்கு மட்டும் வெளியே தூக்கிச் செல்வேன். அடிவயிற்றின் கீழே ஒரு துண்டைச் சுற்றி, பின்பாகத்தின் எடையைத் துண்டில் தாங்கிக்கொண்டு நான்கைந்து அடி நடத்துவேன், உடனே கூண்டு. கால்கள் செயலிழந்த நாய்களுக்குச் சிறுநீர்ப்பையும் தானாகக் காலியாகாமல் போகலாம். அப்போது ஒரு நாளில் மூன்று நான்கு முறை கையால் மெல்ல அழுத்தி வெளியேற்றவேண்டும். அதை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளவேண்டும், காணொளி பார்த்து அல்ல. மருந்து பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஸ்டீராய்டும் மற்ற வீக்கம் குறைக்கும் வலிமருந்துகளும் சேர்ந்தால் நாயின் வயிற்றில் புண் விழுந்து ஓட்டைகூட விழலாம். மனிதர்களுக்கான ஐபுபுரோஃபென் நாய்க்கு நஞ்சு. எனவே முந்தைய மருத்துவர் என்ன கொடுத்தார் என்பதைச் சீட்டோடு அடுத்தவரிடம் காட்டுங்கள்.

இந்த ஆறு வாரத்தில் நான் உண்மையில் வெட்கப்பட்டது எடைபோடும் கருவியின் முன்னால்தான். சிறிய வகை டாக்ஸ்ஹுண்ட் ஏறத்தாழ 5 கிலோ இருக்கவேண்டியது, முத்து 6.3 கிலோ இருந்தான். ஒன்றேகால் கிலோதானே என்று தோன்றலாம். 60 கிலோ மனிதர் கூடுதலாகப் பதினைந்து கிலோ மூட்டையைச் சுமந்து நடப்பதற்குச் சமம் அது. அதுவும் இரண்டு முனைகளில் மட்டும் முட்டுக் கொடுத்த நீண்ட பாலம் போன்ற உடம்பில். தட்டிலிருந்து தவறி விழுந்தவை, தவறி விழவைக்கப்பட்டவை, "பாவம், பார்க்கிறான்" என்று ஆளாளுக்குக் கொடுத்தவை எல்லாம் சேர்ந்த எடை. கையை விரித்து, புறங்கையை மறு கை விரலால் தடவிப் பாருங்கள். நாயின் விலா அப்படித்தான் தட்டுப்படவேண்டும். முத்துவின் விலா எனக்கு உள்ளங்கை போலத் தட்டுப்பட்டது. உணவை அளந்து கொடுத்து 5.1 கிலோவுக்குக் கொண்டுவர எட்டு மாதமாயிற்று.

தாவுவதைப் பற்றி ஒரு சிக்கல் உண்டு. சோபாவில் ஏற விடக்கூடாது, சாய்தளம் வைக்கவேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை, எங்கள் வீட்டிலும் இப்போது சாய்தளம் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான டாக்ஸ்ஹுண்டுகளின் வாழ்க்கைமுறையைப் பற்றி 2015-இல் நடந்த கணக்கெடுப்பில், நிறைய நடக்கிற, சோபாவில் ஏறி இறங்குகிற நாய்களிடம் டிஸ்க் நோய் குறைவாகவே காணப்பட்டது. முதுகு வலிக்கிற நாயை ஏற விடமாட்டோம் என்பதாலும் கணக்கு அப்படித் திரும்பியிருக்கலாம். என்றாலும் பயத்தில் நாயைப் பஞ்சுப் பொதிக்குள் வைத்து வளர்ப்பது பாதுகாப்பு ஆகாது என்பது என் எண்ணம். முதுகைத் தாங்குவது எலும்பு மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள தசையும்தான்; அந்தத் தசை நடந்தால்தான் வரும். முத்து இப்போது நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கிறான், கழுத்துப்பட்டையில் அல்ல, மார்பைச் சுற்றிப் போடும் பட்டையில். கழுத்திலும் டிஸ்க்குகள் உண்டு. தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்பாகத்துக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக. விருந்தினர் முன்னங்கால்களுக்கு அடியில் பிடித்துக் குழந்தையைப் போலத் தூக்க வரும்போது நான் குறுக்கே பாய்வது பலருக்கு மரியாதைக் குறைவாகத் தெரிகிறது, தெரியட்டும்.

எங்கள் இரண்டாவது நாய் சிட்டுவுக்கு முதுகு இதுவரை நன்றாக இருக்கிறது. அவளுக்கு வந்தது பல். ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி, தண்ணீர் குடித்ததும் தொடர்ந்து தும்மல். தூசு ஒவ்வாமை என்று இரண்டு மாதம் போர்வைகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தும்மலோடு ரத்தத் துளி சுவரில் தெறித்தது. மேல் கோரைப்பல்லின் உட்பக்க ஈறு கெட்டு, பள்ளம் ஆழமாகி, வாய்க்கும் மூக்குக்கும் இடையே ஒரு துளை விழுந்திருந்தது. டாக்ஸ்ஹுண்டின் நீண்ட குறுகிய முகவாயில் பல்லுக்கும் மூக்குக்கும் நடுவே எலும்பு மிக மெல்லியது என்பதால் இந்த இனத்தில் இது அடிக்கடி நேர்கிறது. வெளியே பார்த்தால் பல் வெள்ளையாகத்தான் இருந்தது. மயக்கம் கொடுத்துப் பல்லை எடுத்து, ஈறை இழுத்துத் தைத்தார்கள். இப்போது இருவருக்கும் தினமும் பல் துலக்குகிறேன். சிட்டு ஒத்துக்கொள்கிறாள், முத்து தூரிகையைக் கடித்துப் பிடுங்கப் பார்க்கிறான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொங்கும் காது காற்றோட்டமில்லாமல் ஈரம் கோத்துச் சீழ்பிடிக்கும் என்பதால் வாரம் ஒரு முறை முகர்ந்து பாருங்கள், கெட்ட வாடைதான் முதல் அறிகுறி. விழித்திரை மெல்லத் தேய்ந்து பார்வை போகும் பரம்பரை நோயும், சிறிய கம்பிமுடி வகையில் திடீர் ஒலிக்கும் ஒளி மினுக்கலுக்கும் உடம்பு வெட்டி இழுக்கும் லஃபோரா நோயும் இந்த இனத்தில் உண்டு. இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை இருப்பதால், குட்டி வாங்குமுன் பெற்றோரின் முடிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். வயதான நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, வயிறு தொங்கி, முடி உதிர்ந்தால் குஷிங் என்ற ஹார்மோன் நோய்க்குப் பரிசோதிக்கவேண்டும். திட்டுத் திட்டான நிறமுள்ள இரு நாய்களை இணைசேர்த்துப் பிறக்கும், வெள்ளை மிகுந்த குட்டிகளை அபூர்வ நிறம் என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குட்டிகளில் பல செவிடாகவோ குருடாகவோ பிறக்கின்றன என்பதை அவர்கள் சொல்வதில்லை. அவர்களிடம் வாங்காதீர்கள்.

முத்துவுக்கு இப்போது பதினொரு வயது, முகவாயில் நரை விழுந்துவிட்டது. ஒரு டிஸ்க் வெடித்த நாய்க்கு இன்னொன்றும் வெடிக்கலாம் என்பதால், இரவு விளக்கை அணைக்குமுன் அவனை நிற்கவைத்து, பின்பாதத்தை மடித்து வைத்துவிட்டுக் கையை எடுக்கிறேன். உடனே திருப்பி ஊன்றிக்கொள்கிறான். மறு பாதத்துக்கு நான் போவதற்குள், இந்த விளையாட்டு போதும் என்பது போல ஒரு பெருமூச்சு விட்டு, இரண்டு கால்களையும் வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டு படுத்துவிடுகிறான்.