காட்பாடி வந்தும் மூட முடியாத நாவல்

காட்பாடி ஜங்ஷனில் இறங்கியும் புத்தகத்தை மூட மனசு வரவில்லை. பிளாட்பார பெஞ்சிலேயே உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தையும் முடித்துவிட்டேன்.

துப்பறியும் நாவல். இரண்டாம் உலகப் போர் முடிந்து பல வருஷம் கழித்து ஒரு கொலை. துப்பு, ஒரு பழைய கடித உறை.

போர்க்காலத்தில் தணிக்கைக்காரர்கள் உறையின் ஓரத்தை வெட்டிக் கடிதத்தைப் படித்துவிட்டு, மேலே அச்சடித்த காகிதப் பட்டையை ஒட்டி அனுப்புவார்கள். இந்த உறையில் பட்டைக்கு அடியில் இன்னொரு பட்டை!

இரண்டாவது முறை பிரித்தது யார்? அங்கே பிடித்த கதை கடைசிவரை விடவில்லை.

சொத்துக்காக நடக்கும் கொலையைவிட இப்படிப்பட்ட ரகசியம்தான் என்னை உலுக்குகிறது. ரகசியத்தைச் சுமந்தே வாழ்ந்த மனிதர்கள் நிஜத்திலும் இருந்தார்கள். போர்க்காலத்தில் இங்கிலாந்தின் ரகசிய உளவு மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் சங்கேதங்களை உடைத்தவர்களில் பலர் 1970கள் வரை சொந்த வீட்டில்கூட வாய் திறக்கவில்லை.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருவான் என்று பயந்து மெட்ராஸே காலியானபோது, எங்கள் வீட்டில் வந்து தங்கிய ஒரு குடும்பத்தைப் பற்றி ஆயா சொல்வாங்க. அந்தக் குடும்பத் தலைவருக்கு என்ன வேலை என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாதாம்.

வேலூர் என்றால் 1806 சிப்பாய்ப் புரட்சி மட்டும்தானா? அந்தப் போர்க்காலத்தில் காமராஜர் இருந்த மத்தியச் சிறையும் இங்கேதான். இந்த ஊரை வைத்து யாராவது இப்படி ஒரு நாவல் எழுதுங்கள். முதல் பிரதி எனக்கு.