அண்ணாச்சி கடைல தலை சுத்தாது

போன செவ்வாக்கிழமை காலைல பத்து மணி இருக்கும். சூப்பர் மார்க்கெட்ல பாஸ்தா சாஸ் பாட்டிலா அடுக்கி வச்சிருக்குற வரிசைல, ட்ராலிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டு கண்ண மூடி நின்னுட்டு இருந்தேன். பக்கத்துல வந்த ஒரு வெள்ளக்காரப் பாட்டி, எண்பது வயசு இருக்கும், என் கைல லேசா தட்டி, ராத்திரி கொஞ்சம் ஓவரா போயிடுச்சா செல்லம்னு கேட்டு கண்ணடிச்சுட்டுப் போறாங்க. பாளையங்கோட்டைல பொறந்து, கல்யாண வீட்டுல குடுக்குற பன்னீர் சோடாவத் தவிர வேற எதையும் தொடாத என்னயப் பாத்து! வீட்டுக்கு வந்து இவர்ட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. எனக்கும் சிரிப்பு தான் வந்துச்சு. அப்புறம் பாத்ரூம் கதவ சாத்திட்டு கொஞ்ச நேரம் அழுதேன், அத அவர்ட்ட சொல்லல.

நாங்க ஸ்விண்டனுக்கு வந்தது 2022 செப்டம்பர்ல. லண்டன் பேடிங்டன்ல இருந்து ரயில்ல ஒரு மணி நேரம். இந்த ஊருக்கு உள்ள ஒரே பெரும என்னன்னு கேட்டா எல்லாரும் மேஜிக் ரவுண்டபவுட்னு சொல்வாங்க. 1972ல போட்டது, நடுவுல ஒரு வட்டம், அத சுத்தி அஞ்சு குட்டி வட்டம், வெளிப்பக்கம் வண்டியெல்லாம் கடிகாரம் சுத்துற பக்கம் போகும், உள்வட்டத்துல நேர் எதிர்ப்பக்கம் போகும். வண்ணாரப்பேட்ட ரவுண்டானாவுக்கே பயந்து ஆட்டோல போன ஆளு நான், இதுல வண்டி ஓட்டி பழகி, 2023 ஜனவரில லைசென்ஸும் வாங்கிட்டேன். அந்த மிதப்பு சரியா மூணு வாரம் தான்.

பிப்ரவரில ஒரு விடிகாலை, படுக்கைல வலது பக்கம் திரும்புறேன், கூரை கழண்டு சுத்துது. மாவு அரைக்கிற கிரைண்டருக்குள்ள என்னயத் தூக்கிப் போட்ட மாதிரி. ஒரு நிமிஷம் கூட இருக்காது, நின்னுடுச்சு. எந்திரிச்சா மறுபடி. வாந்தி வேற. அத்தைக்கு போன் போட்டு சொன்னதும் அவங்க கேட்ட மொத கேள்வி, "என்னம்மா, விசேஷமா?" எனக்கு 41 வயசு, மூத்தவ பத்தாப்பு படிக்கா. இல்லத்தைன்னு சொன்னா, ஒரு பெருமூச்சு விட்டுட்டு அப்ப பித்தமா தான் இருக்கும், இஞ்சிச் சாறுல தேன் கலந்து குடின்னாங்க. எங்கம்மா கிட்ட போனா அவ ஒரே போடா "எல்லாம் கண்ணு ஏட்டி, லைசென்ஸ் எடுத்தத ஊரெல்லாம் போட்டோ போட்டியே"ன்னுட்டா. அரைமணி நேரத்துல ரெண்டு டயக்னோசிஸ், பைசா செலவில்ல. அதுக்கப்புறம் ஒரு டயக்னோசிஸுக்கு நான் ஒன்னேகால் வருஷம் அலைஞ்சேன்.

அப்ப இங்க ஜி.பி.ய, அதான் நம்ம பகுதி பொது டாக்டர, பாக்கணும்னா காலைல சரியா எட்டு மணிக்கு போன் போட வேண்டியிருந்துச்சு. 8:00க்கு போட்டா வரிசைல 23வது ஆளு, 8:02க்கு போட்டா இன்னிக்கு எல்லாம் முடிஞ்சுதுன்னு பதிவு பண்ண குரல். மூணாவது நாள் லைன் கெடச்சு, ரிசப்ஷன் பொண்ணு என்ன பிரச்சினன்னு கேட்டா. நம்ம ஊர்ல டாக்டர்ல இருந்து கம்பவுண்டர் வரைக்கும் சொல்ற வார்த்தைய தான் நானும் சொன்னேன், கிடினஸ். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. "கிடியா? எதப் பத்தி?"ன்னு கேக்குறா, நான் ஏதோ லாட்டரி அடிச்சு குதிச்சுட்டு இருக்கேங்குற மாதிரி. இந்த ஊர்ல கிடின்னா பெரும்பாலும் சந்தோஷத்துல துள்ளுறதாம். எனக்கு எப்படி தெரியும்? நாப்பது வருஷமா கிடினஸ்னா தலசுத்து தான்.

டாக்டர் அதுக்கும் மேல. டிஸ்ஸின்னு சொல்லாதீங்க, அந்த வார்த்தைய விட்டுட்டு என்ன ஆகுதுன்னு சொல்லுங்கன்னாரு, நல்ல மனுஷன் தான், ஆனா பத்து நிமிஷம் தான் நமக்கு, அதுல ரெண்டு நிமிஷம் என் பேர சரியா சொல்லப் பாத்ததுல போயிடுச்சு. தமிழ்ல கேட்டிருந்தா கொட்டித் தீத்திருப்பேன். தலசுத்து வேற, கிறுகிறுப்பு வேற, கண்ண இருட்டிக்கிட்டு வாரது வேற, மயக்கம் வேற, கிர்ர்ருனு வாரது வேற, தள்ளாட்டம் வேற. இங்கிலீஷ்ல ரூம் சுத்துதுன்னு மட்டும் சொன்னேன். அதுவே போதுமா இருந்துச்சு அவருக்கு. என்னய கட்டில்ல உக்கார வச்சு, தலைய ஒரு பக்கம் திருப்பி, சடார்னு பின்னால சாய்ச்சு கண்ணயே பாத்தாரு. கண்ணு படபடன்னு ஆடுதாம். காதுக்குள்ள சமநிலைக்குன்னு சுண்ணாம்புத் துகள் மாதிரி குட்டிக் குட்டி கல்லு உண்டாம், அதுல சிலது எடம் பெயந்து பக்கத்துல இருக்க அரைவட்டக் குழாய்க்குள்ள போயிடுச்சாம், பேரு பி.பி.பி.வி. சுண்ணாம்பு எடம் மாறுனா இவ்வளவு கூத்தான்னு நெனச்சேன், எங்க ஆச்சி வெத்தலப் பெட்டில சுண்ணாம்பு டப்பாவ எடம் மாத்தி வச்சாலும் இதே அளவு கூத்து நடக்கும். எப்ளின்னு ஒரு அமெரிக்க டாக்டர் கண்டுபிடிச்ச முறைல தலைய அப்படி இப்படி உருட்டி, கல்ல பழைய எடத்துக்கே தள்ளி விட்டாரு. ரெண்டு தடவைல சுத்தல் போச்சு. இங்க அரசாங்க வைத்தியத்துக்குப் பேரு என்.ஹெச்.எஸ்., அது வாழ்கன்னு குடும்ப குரூப்ல மெசேஜ் போட்டேன்.

போனது சுத்தல் மட்டும் தான். அதுக்கப்புறம் வந்து உக்காந்துச்சு பாருங்க ஒன்னு, அதுக்கு தான் இன்னிக்கு வரைக்கும் எனக்கு இங்கிலீஷ்ல வார்த்த இல்ல. திருச்செந்தூர் போயி கடல்ல ஒரு மணி நேரம் அலைல நின்னு குளிச்சுட்டு, நாழிக் கிணத்துல தல முழுகி, சாமி கும்புட்டு வீட்டுக்கு வந்து ராத்திரி பாயில படுத்தா உடம்புக்குள்ள அலை அடிச்சுட்டே இருக்கும்ல? அதே தான். ஆனா நின்னா, நடந்தா, உக்காந்தா, காலைல இருந்து ராத்திரி வரைக்கும், கடலும் இல்ல சாமியும் இல்ல. இத எப்படி அந்த மனுஷன் கிட்ட சொல்ல? போட்ல இருக்க மாதிரின்னு சொன்னேன், எழுதிக்கிட்டாரு. படகுல போற மாதிரியாம்.

அப்புறம் நடந்தது எல்லாம் ஒரே பல்லவி தான், நார்மல். படுத்து ஒரு தடவ நின்னு ஒரு தடவ பிரஷர் பாத்தாங்க, நார்மல். ஈ.சி.ஜி. நார்மல். ரத்தத்துல வைட்டமின் டி மட்டும் கம்மி, அது இங்க வந்த நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு இருக்கும், வெயில் எங்க இருக்கு. பீட்டாஹிஸ்டின்னு ஒரு மாத்திர எழுதினாங்க, 9.65 பவுண்டு கட்டி வாங்கிப் பிரிச்சா நம்ம ஊரு வெர்டின்ல இருக்குற அதே மருந்து! எங்க தெரு மெடிக்கல்ல தலசுத்துன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஸ்ட்ரிப்ப கத்திரிச்சுக் குடுத்துருப்பான். இ.என்.டி.க்கு பேரு குடுத்திருக்கோம், லெட்டர் வரும்னாங்க. 18 வாரத்துக்குள்ள சிகிச்ச ஆரம்பிச்சுடணும்னு இங்க ஒரு இலக்கு உண்டு. இலக்கு தான. விசா போடும்போதே வைத்தியத்துக்குன்னு பெரியவங்களுக்கு தலைக்கு வருஷம் 624 பவுண்டுனு மொத்தமா கட்டிட்டு வந்துருக்கோமேன்னு இவரு நாலு நாளைக்கு ஒருக்கா கணக்கு போடுவாரு. டாக்டர் சொன்னதால வண்டிய எடுக்கல, லைசென்ஸ் பீரோவுல தூங்குச்சு, மேஜிக் ரவுண்டபவுட்ட பஸ்ல கண்ண மூடிக்கிட்டு கடந்தேன்.

இதுல இன்னொரு கூத்து. இங்க எதிர்ல வாரவன் எல்லாம் "ஆல்ரைட்?"னு கேப்பான். நான் பாவம், எனக்கு உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சு போய் கேக்குறாங்க போலன்னு, ஆபீஸ்ல ஒருத்தன் கிட்ட நின்னு அலை அடிக்கிறதுல இருந்து வைட்டமின் டி வரைக்கும் சொல்லிருக்கேன். அவன் காபி ஆறிப்போச்சு. அது வணக்கம் மாதிரி, பதில் சொல்லக்கூடாதுன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. நம்ம ஊர்ல சாப்டாச்சான்னு கேட்டா சாப்ட்டேன், இட்லின்னு சொல்வோம்ல, அந்த ஞாபகத்துல நின்னுட்டேன்.

இப்ப அந்த கடை விஷயத்துக்கு வாரேன். ஒடம்பு ஆட்டம் வீட்டுல நாலுன்னா சூப்பர் மார்க்கெட்ல நாப்பது. ரெண்டு பக்கமும் தலைக்கு மேல வரைக்கும் அலமாரி, ஒவ்வொன்னுலயும் நூறு டப்பா, நூறுக்கும் நூறு கலரு, மேல ட்யூப் லைட்டு, நான் நடந்தா அதெல்லாம் ரெண்டு பக்கமும் ஆத்துல போற மாதிரி ஓடும். தக்காளி சாஸ்ல பதினெட்டு வகை எதுக்குய்யா? நின்ன எடத்துல நெஞ்சு படபடங்கும், தரை கீழ எறங்கும். அப்ப தான் எங்க தெரு முக்கு அண்ணாச்சி கட ஞாபகம் வரும். அந்தக் கடைக்குள்ள நாம போனதே கெடையாது. வெளிய படிக்கட்டுல நிக்கணும். அண்ணாச்சி, உளுந்து கால் கிலோ, துவரம் பருப்பு அரைக் கிலோ, பெருங்காயம் ஒன்னு, சொல்லிட்டு தெருவப் பாத்துட்டு நிக்கலாம். தேடுறது, குனியிறது, எட்டி எடுக்குறது எல்லாம் அவரு வேல. தாள்ல பொட்டலம் மடிச்சு, மேல இருந்து நூலுருண்டைல நூல இழுத்து சர்ர்னு நாலு சுத்து. சுத்துறது பொட்டலம் மட்டும் தான். கணக்க ஒரு அட்டைல கூட்டி, சின்னப் புள்ளைன்னா கைல ஒரு பொரிகடல. எனக்கு ஒடம்புக்கு என்னன்னு உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாது, ஆனா அந்தப் படிக்கட்டுல நின்னா சரியாயிடும்னு எனக்கு ஒரு நம்பிக்க.

2023 ஆகஸ்ட்ல ஊருக்குப் போனோம். காலைல ஆறரைக்கு டோக்கன், பத்து மணிக்கு இ.என்.டி., மத்தியானம் ஸ்கேன், சாயங்காலம் நரம்பு டாக்டர், ராத்திரி வீட்டுல அம்மா வத்தல் உப்பு எடுத்து மூணு தடவ சுத்தி அடுப்புல போட்டா, நெடியே வரல, அவ்வளவு கண்ணுன்னுட்டா. ரெண்டே நாள்ல எல்லாம் முடிஞ்சுது. நார்மல். அண்ணாச்சி கடப் படிக்கட்டுல போய் நின்னேன், நெசமாவே ஒன்னும் ஆடல. பாத்தீங்களா நான் சொல்லல, ஊருக்கு வந்தா போயிடும்னு இவர்ட்ட பீத்துனேன். மறுநாள் கொழுந்தன் கல்யாணத்துக்கு சேல எடுக்க ஜங்ஷன்ல பெரிய ஜவுளிக்கட போனோம். பளபளன்னு டைல்ஸு, எஸ்கலேட்டரு, செவுரு முழுக்க கண்ணாடி, சேல சேலயா விரிச்சுப் போடுறாங்க. மூணாவது மாடில தரையோட தரையா உக்காந்துட்டேன். பட்டப் பாத்து மயங்கிட்டாவோன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அப்ப ஊரும் காப்பாத்தாதுன்னு தெரிஞ்சுது. அண்ணாச்சி மகனும் சுயசேவைக் கடை ஆக்கப்போறானாம், கேட்டுட்டு வந்தேன்.

திரும்பி வந்து இங்க இ.என்.டி., காது டெஸ்ட், எம்.ஆர்.ஐ. அப்புறம் காதுக்குள்ள 30 டிகிரி தண்ணியும் 44 டிகிரி தண்ணியும் மாத்தி மாத்தி விட்டு கண்ணு ஆடுறத பாக்குற டெஸ்ட். அதக் கண்டுபிடிச்ச ராபர்ட் பாரானிக்கு 1914ம் வருஷ நோபல் பரிசாம், சேதி வரும்போது ரஷ்யாக்காரன் கிட்ட போர்க்கைதியா இருந்தாராம். காது கழுவ வந்தவங்க, தண்ணி குளுந்து இருந்தாலும் சூடா இருந்தாலும் தல சுத்துதே டாக்டர்னு பொலம்புனத காது குடுத்துக் கேட்டதுல இருந்து பிடிச்சிருக்காரு. ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கம் வராம அவரப் பத்திப் படிச்சேன். பொலம்புறத கேக்க ஒருத்தரு இருந்திருக்காரு பாருங்க.

எனக்கும் அப்படி ஒரு டாக்டர் கெடச்சா. 2024 மே, லண்டன்ல ஒரு கிளினிக், முக்கால் மணி நேரம் குறுக்க பேசாம கேட்டா. முடிவுல அவளே கேக்குறா, நின்னா கூடுதா? கடை வரிசைல கூடுதா? போன்ல ஸ்க்ரோல் பண்ணா கூடுதா? மூணு மாசத்துக்கு மேல பெரும்பாலான நாள் இருக்கா? எனக்கு கோடாங்கி கிட்ட உக்காந்த மாதிரி மயிர்க்கூச்செறிஞ்சுது. பி.பி.பி.டி.ன்னு பேரு, 2017ல தான் உலக அளவுல இலக்கணமே வகுத்துருக்காங்க. கல்லு எடத்துக்குப் போயிடுச்சு, ஆனா மூளை நம்பல, இன்னும் உஷாராவே இருக்கு, காதையும் காலையும் விட்டுட்டு கண்ணயே புடிச்சுத் தொங்குது, அதான் கண்ணுக்கு முன்னால எதாச்சும் ஓடுனா நீயும் ஆடுறன்னா. நெஜமான வியாதி, உன் கற்பன இல்லன்னு ரெண்டு தடவ சொன்னா. வெளிய வந்து ஈஸ்ட் ஹாம் போயி ஒரு நெய் ரோஸ்ட்டு சாப்ட்டோம். கொண்டாட்டம் தான், வேற என்ன.

வைத்தியம் பயிற்சி தான். செவுத்துல ஒரு எழுத்த ஒட்டி வச்சு, அதப் பாத்துக்கிட்டே இல்ல இல்லன்னு தலையாட்டணும், அப்புறம் ஆமா ஆமான்னு. நான் பழக்க தோசத்துல ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆட்டு ஆட்டிட்டேன், பிசியோ பொண்ணு அது என்னன்னு கேட்டா, சரி பாக்கலாம்னு அர்த்தம்னேன்.

மத்த படி பழகிடுச்சு. மழை பழகிடுச்சு, நாலு மணி இருட்டு பழகிடுச்சு, ஆல்ரைட்டுக்கு ஆல்ரைட்டுன்னு மட்டும் சொல்லிட்டு நகந்துடுறேன். போன மாசம் பக்கத்துல பள்ளிக்கூடம் வரைக்கும் வண்டி எடுக்கலாம்னு டாக்டர் ஒத்துக்கிட்டாங்க. சின்னவ ஹால்ல தட்டாமாலை சுத்துறா, தல சுத்தி விழுந்து, மறுபடி எந்திரிச்சு சுத்துறா. அத நானும் வேப்பமரத்தடில காசு குடுக்காம கெடச்ச போதையா சுத்தினவ தான். ஆச்சி வந்து பித்தம் ஏறப் போகுது ஏளான்னு கத்துற வரைக்கும்.

கடைக்குப் போறதும் பயிற்சில சேத்தி. ஒரு வாரம் ஒரு வரிச, ஆட்டம் கொறஞ்சா அடுத்தது, பயந்து ஓடி வரக்கூடாது, கொஞ்ச நேரம் நின்னுட்டு வரணும். அந்தப் பாட்டி பாத்தது என்னய ரெண்டாவது வரிசைல. நேத்து மூணாவது வரிச முக்கால் தூரம் போயிட்டேன், கார்ன் ஃபிளேக்ஸ் மாதிரி சீரியல் டப்பா வரிச, அது ஒரு நரகம். பருப்பு இருக்கறது நாலாவதுல. அது வரைக்கும் இவரு தான் போய் எடுத்துட்டு வாராரு. துவரம் பருப்புன்னு தெளிவா தமிழ்ல எழுதிக் குடுத்தேன், மஞ்சப் பட்டாணிப் பருப்பு ரெண்டு கிலோ வந்துருக்கு.