எம்எம் 540-க்கு மாற்று இன்ஜின்: கடைசியில் அதே பியூஜோதான்

கொடுங்கையூரில் நிறுத்தியிருக்கும் என் பழைய மஹிந்திரா ஜீப் எம்எம் 540-க்கு இன்ஜின் மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பிளாக்கில் விரிசல். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் ஏற்கெனவே கடைசி சைஸ் வரை கடைந்து தீர்த்திருக்கிறார்கள். இனி ரிங் மாற்றி, சிலிண்டரைக் கடைந்து ரீபோர் போட்டு ஓட்டுகிற கதையே கிடையாது.

வண்டியில் இருந்தது பியூஜோ எக்ஸ்டிபி 4.90. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), பெயரே அதுதான். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 83 என்பதால் மொத்தம் 2112 சிசி. மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தாராளமாக ஓடும், முந்த நினைத்தால் மூச்சு வாங்கும். அதனால் மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் பெரிசாகப் போடலாமே என்ற ஆசை வந்தது.

முதலில் கண்ணை இழுத்தது 2010-இல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பின் சிஆர்டிஇ, அதாவது எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஓடும் டீசல் இன்ஜின். 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர். பேப்பரில் பார்த்தால் எச்சில் ஊறும். ஆனால் அதோடு அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ வர வேண்டும், முழு வயரிங் வர வேண்டும், டேங்கிலிருந்து டீசல் லைன் வரை மாற்ற வேண்டும். அப்புறம் அவ்வளவு முறுக்குவிசையையும் தாங்கப்போவது யார்? பழைய வில்லிஸ் ஜீப் காலத்து வடிவமைப்பில் வந்த கியர்பாக்ஸும், முன் பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும்தான். வியாசர்பாடியில் நான் வேலைக்கு விடும் மெக்கானிக் பாய் ஒரே வரியில் முடித்துவிட்டார்: “சார், இன்ஜின பாக்காதீங்க, அதுக்குப் பின்னாடி மாட்டியிருக்கறத பாருங்க.”

அடுத்தது மஹிந்திராவின் எம்டிஐ 3200. போர் 88.9, ஸ்ட்ரோக் 101.6. அங்குலத்தில் பார்த்தால் சரியாக மூன்றரை, நாலு. பி275 டிராக்டரிலும் ஸ்ட்ரோக் அதே நாலு அங்குலம்தான், அந்த வம்சம். நீள ஸ்ட்ரோக் என்பதால் ஐடிலுக்குச் சற்று மேலேயே இழுக்க ஆரம்பித்துவிடும். பழவேற்காடு பக்கத்து மணலில் இது பெரிய வரம், உதிரிபாகமும் எங்கும் கிடைக்கும். தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் ஓட்டிப் பார்த்தேன். சிக்னலில் நின்றால் சைடு மிரரில் ஒன்றுமே தெரியாத அளவுக்கு அதிர்வு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் ஆக்ஸில் விகிதத்தில் இருக்கிறது. பியூஜோ 4500 ஆர்பிஎம் வரை சுற்றும், இது 3200-இல் நின்றுவிடும். அதே ஆக்ஸிலில் மாட்டினால், முன்பு 90 போன வண்டி 64-இல் அடங்கிவிடும். அந்த விகிதத்தைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியனையும் மாற்றலாம்தான். ஆனால் முன், பின் இரண்டிலும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் 4x4 போட்ட உடனே ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

அம்பாசடரில் வந்த இசுசு டீசலையும் யோசித்தேன். 1995 சிசி, மென்மையான இன்ஜின். அடாப்டர் பிளேட் கடைய வேண்டும், மவுண்ட் வெட்டி ஒட்ட வேண்டும், இத்தனைக்கும் பிறகு சிசி குறைகிறது. எதற்கு?

உண்மையில் ஈர்த்தது எக்ஸ்டி3பி. போர் 94, ஸ்ட்ரோக் 90, அதாவது 2498 சிசி; பியூஜோ குடும்பத்துப் பெரிய தம்பி, தொடக்ககால பொலேரோவில் வந்தது. இதைத் தடுத்தது ஆர்சி புத்தகம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்சியில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. இன்ஜினை மாற்றுவதென்றாலே பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி, ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஆய்வாளர் முன் நிறுத்தியாக வேண்டும். 2112 என்று எழுதியிருக்கும் இடத்தில் 2498-ஐ வைத்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

சரி, இன்னொரு எக்ஸ்டிபி 4.90-யே தேடுவோம் என்று பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் அலைந்தேன். விலையைவிட இரண்டு விஷயத்தில் கறாராக இருந்தேன். இன்ஜின் நம்பர் தேய்க்கப்படாமல் தெளிவாக இருக்க வேண்டும். அந்த நம்பரைப் போட்டே பில் தர வேண்டும். “நம்பர்லாம் எதுக்கு சார், ஓடுதா பாருங்க” என்ற கடைகளில் அதற்கு மேல் பேசவில்லை.

கிடைத்ததை வாங்கும் முன் தரையில் வைத்தே ஸ்டார்ட் செய்யச் சொன்னோம். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், ஜில்லென்றிருக்கும் இன்ஜினை ஸ்டார்ட் ஆக வைக்கும் குளோ பிளக்கின் நிலைமை தெரியாது, அதனால் பாய் முதலில் பிளாக்கைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி மட்டும், குபுகுபு புகை இல்லை. கம்ப்ரஷன் அழுத்தத்தில் நாலு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தது. டீசலில் அளவு எவ்வளவு என்பதைவிட நாலும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஃபியூவல் பம்ப் மட்டும் கசிகிறது; சர்வீஸுக்குக் கொடுத்தாயிற்று.

இன்ஜின் இப்போது பாய் பட்டறையில் இருக்கிறது. வெளியில் இருக்கும்போதே ரியர் ஆயில் சீல், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதிதாகப் போடுகிறோம். மாட்டிய பிறகு இதற்காக கியர்பாக்ஸை இறக்கினால் கூலி இரட்டிப்பு. எண்ணூர் காற்றில் அரித்துப்போன ரேடியேட்டருக்குப் புதுக் கோர் சொல்லியிருக்கிறேன். தண்டையார்பேட்டை ஆர்டிஓவுக்கான விண்ணப்பமும் பில் நகலும் தயார். பம்ப் வந்ததும் மாட்ட வேண்டியதுதான்.