போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

போனின் டேட்டாவைக் கணினிக்குக் கொடுக்க வைஃபை ஹாட்ஸ்பாட், யூஎஸ்பி கேபிள், புளூடூத் என்று மூன்று வழிகள் உண்டு. நம்மில் பெரும்பாலோர் ஹாட்ஸ்பாட்டோடு நின்றுவிடுகிறோம். போனும் லேப்டாப்பும் ஒரே மேசையில்தான் இருக்கின்றன என்றால் முதலில் எடுக்க வேண்டியது கேபிள்.

ஹாட்ஸ்பாட் போடும்போது போன் இரட்டை வேலை செய்கிறது. ஒரு பக்கம் டவரோடு பேச வேண்டும், மறுபக்கம் ஒரு ரவுட்டராக நின்று வைஃபை கொடுக்க வேண்டும். சூடு ஏறும், பேட்டரி இறங்கும். அதோடு சார்ஜரையும் சொருகினால் இன்னும் சூடாகி, போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு தொல்லை: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அங்கேதான் நெரிசலாக நிற்கின்றன. கேபிளில் இந்த நெரிசல் கிடையாது. போனுக்குச் சார்ஜும் ஏறும், வீடியோ கால் நடுவே திக்குவதும் குறையும்.

புளூடூத் வழியாக நொடிக்கு ஒன்றிரண்டு மெகாபிட் கிடைத்தால் பெரிது. பேட்டரி அதிகம் செலவாகாது என்பதால் மெயில் பார்க்க, சின்ன ஃபைல் ஒன்றை அனுப்பப் போதும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

ஆண்ட்ராய்டு போனில் கேபிள் வழி இப்படி. முதலில் போனின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவை மட்டும் விடுங்கள். வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் கணினிக்குப் போவது அந்த வைஃபை நெட்தான், சிம்மின் நெட் அல்ல. கேபிளை ஹப் வழியாக இல்லாமல் நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். பிறகு போனின் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங், அதற்குள் யூஎஸ்பி டெதரிங். சாம்சங்கில் இது கனெக்‌ஷன்ஸ் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். வேறு போன்களில் இடம் மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் டெதரிங் என்று அடித்தால் வந்துவிடும். கேபிள் சொருகாதவரை அந்தப் பொத்தான் மங்கலாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சொருகிய பிறகும் மங்கலாகவே இருந்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். பவர் பேங்க், டிரிம்மர், புளூடூத் ஸ்பீக்கர் போன்றவற்றோடு வரும் கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், டேட்டாவுக்கான இரண்டு கம்பிகள் இருக்காது. சார்ஜ் ஏறுவதால் கேபிள் நன்றாக இருப்பதாகத் தோன்றும். சோதிப்பது எளிது: போனில் வரும் யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்றுங்கள். போனிலுள்ள படங்கள் கணினியில் தெரிந்தால் கேபிள் சரி. அப்படி ஓர் அறிவிப்பே வராவிட்டால் கேபிளை மாற்றுங்கள். இரண்டாவது சந்தேகம் டேட்டா சேவர். அது ஓடிக்கொண்டிருந்தால் ஆண்ட்ராய்டு டெதரிங்கையே அனுமதிக்காது. அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ஒவ்வொரு முறை கேபிளைப் பிடுங்கும்போதும் யூஎஸ்பி டெதரிங் தானே அணைந்துவிடும். தினமும் இதே வேலை என்றால் அபௌட் போன் பகுதியில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்துகொள்ளுங்கள். அங்கே டிஃபால்ட் யூஎஸ்பி கான்ஃபிகரேஷன் என்பதை யூஎஸ்பி டெதரிங்குக்கு மாற்றிவிட்டால், சொருகி லாக்கைத் திறந்ததும் நெட் வந்துவிடும். அந்தப் பகுதியில் வேறெதையும் தொடாதீர்கள்.

விண்டோஸ் பெரும்பாலும் தானாகவே போனை அடையாளம் கண்டு, அதை ஈதர்நெட் இணைப்பாகக் காட்டும். அப்படிக் காட்டாமல் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு ஆர்என்டிஐஎஸ் (யூஎஸ்பி வழியாக நெட் கொடுக்கப் போன் பயன்படுத்தும் முறை) என்று ஏதாவது நின்றால், அதன்மேல் வலது கிளிக், அப்டேட் டிரைவர், கணினியில் உள்ளதையே தேடு, பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன், நெட்வொர்க் அடாப்டர்ஸ், மைக்ரோசாஃப்ட் என்று போய், ரிமோட் என்டிஐஎஸ் என்று தொடங்கும் பெயரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் டிரைவர் இது. எந்தத் தளத்திலிருந்தும் எதையும் இறக்க வேண்டியதில்லை. லினக்ஸில் இந்தப் பாடு கிடையாது, சொருகிய சில நொடிகளில் நெட்வொர்க் மேனேஜர் இணைத்துவிடும்.

இதுவரை சொன்னது எளிய பகுதி. பலர் இடறுவது இதற்குப் பிறகுதான்.

கணினியின் கண்ணுக்கு இது ஒரு ஈதர்நெட் கேபிள். ஈதர்நெட் என்றால் வீட்டு பிராட்பேண்ட், அளவில்லாத நெட் என்று அது எடுத்துக்கொள்கிறது. நம்மிடம் இருப்பதோ ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி அல்லது இரண்டு ஜிபி பேக். சில நாட்கள் நெட் பார்க்காத லேப்டாப் என்றால், கேபிளைச் சொருகிய நிமிடமே விண்டோஸ் அப்டேட்டும், ஸ்டோர் செயலிகளின் அப்டேட்டுகளும், ஒன்டிரைவும் ஒன்றாகக் கிளம்பும். நாம் ஒரு மெயில் அனுப்பி முடிப்பதற்குள் அன்றைய கணக்கு தீர்ந்துபோகலாம். தீர்ந்த பிறகு பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் நொடிக்கு 8 கிலோபைட்தான் வரும். ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். இன்றைய இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கவே அது போதாது.

ஆகவே இணைத்த உடனே செய்ய வேண்டியது, இது அளவுள்ள நெட் என்று விண்டோஸிடம் சொல்வது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட், அங்கே மீட்டர்டு கனெக்‌ஷன் என்ற பொத்தானை ஆன் செய்யுங்கள். ஹாட்ஸ்பாட் வழியாகவும் இணைப்பவர்கள், வைஃபை பக்கத்தில் அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் திறந்து அங்கேயும் தனியாக ஆன் செய்ய வேண்டும். ஒன்றில் செய்தது மற்றொன்றுக்குப் போகாது. சில போன்கள் ஒவ்வொரு முறையும் புதிய முகவரியோடு வருவதால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று நினைத்துக்கொள்ளும், முன்பு செய்த மாற்றம் போய்விடும். நெட்வொர்க்கின் பெயருக்குப் பின்னால் எண் 2, 3 என்று ஏறிக்கொண்டே போனால் உங்கள் போனும் அந்த வகைதான். சொருகும்போதெல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மீட்டர்டு என்று குறித்தால் பெரிய அப்டேட்டுகள் காத்திருக்கும், ஒன்டிரைவும் நின்றுகொள்ளும். ஆனால் எல்லாச் செயலியும் இதை மதிக்கும் என்று எண்ண வேண்டாம். கேம் இறக்கும் செயலிகள், கூகுள் டிரைவ், போட்டோ பேக்கப் ஆகியவற்றை நாமே கையால் நிறுத்திவைப்பதுதான் பாதுகாப்பு. லினக்ஸில் வேலை குறைவு. ஆண்ட்ராய்டு போன் கணினிக்கு ஐபி முகவரி தரும்போதே இது அளவுள்ள நெட் என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறது. நெட்வொர்க் மேனேஜர் அதைப் படித்துப் புரிந்துகொள்கிறது. மேக் கணினியில் அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு லோ டேட்டா மோடை ஆன் செய்யுங்கள்.

வீடியோவையும் கவனியுங்கள். போனின் சின்னத் திரையில் 480பியில் ஓடும் அதே யூடியூப் காணொளி, லேப்டாப்பின் பெரிய திரையைப் பார்த்ததும் 1080பிக்குத் தாவும். 1080பியில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஒன்றரை ஜிபி பேக் அதற்கே சரியாகிவிடும். தரத்தை நீங்களே 480பிக்கு இறக்கி வையுங்கள். 5ஜி அன்லிமிடெட் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு சொல்: சிக்னல் 4ஜிக்கு இறங்கும் நேரத்தில் செலவாவது தினசரி கணக்கிலிருந்துதான். வீட்டுக்குள் 5ஜியும் 4ஜியும் மாறி மாறி வந்தால், அன்லிமிடெட் என்ற நினைப்பில் பெரிய ஃபைலை இறக்காதீர்கள்.

யார் தின்றது என்று பார்க்கவும் வழி இருக்கிறது. போனின் டேட்டா யூசேஜ் பட்டியலில் டெதரிங் தனி வரியாகவே வரும். விண்டோஸ் 11இல் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் டேட்டா யூசேஜ் என்ற பக்கத்தில் செயலிவாரியாகக் கணக்கு இருக்கிறது. ஒருமுறை பார்த்தால் போதும், திருடன் யார் என்று தெரிந்துவிடும்.

ஐபோன்காரர்களுக்கு. விண்டோஸில் கேபிள் வழி வேண்டுமென்றால் ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலி கணினியில் இருக்க வேண்டும், டிரைவர் அதோடுதான் வருகிறது. சொருகியதும் இந்தக் கணினியை நம்பலாமா என்று போன் கேட்கும். டிரஸ்ட் கொடுத்தால்தான் நெட் போகும். ஹாட்ஸ்பாட் வழி என்றால், லேப்டாப் இணையும்வரை பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தே வைத்திருங்கள். அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்தால் கொஞ்ச நேரத்தில் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஐபோன் 12 முதல் அங்கே மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி என்றொரு பொத்தான் உண்டு. பழைய லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட்டின் பெயரே தெரியவில்லை என்றால் அதை ஆன் செய்யுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடும்.

மேக்கும் ஆண்ட்ராய்டும் கேபிளில் ஒத்துப்போவதில்லை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் பேசும் ஆர்என்டிஐஎஸ் மொழி மேக்கோடு வரும் டிரைவர்களுக்குத் தெரியாது. என்சிஎம் என்ற முறைக்கு மாறிவிட்ட சில புதிய போன்களில் வேலை செய்யும். மற்றவர்கள் ஹாட்ஸ்பாட்டிலேயே இருந்துவிடலாம்.

ஹாட்ஸ்பாட்டே மேல் என்று சொல்லத்தக்க இடமும் ஒன்று உண்டு. உள் அறையில் சிக்னல் இல்லை, ஜன்னலோரம் நன்றாக வருகிறது என்றால் போனை ஜன்னலில் வைத்து லேப்டாப்பை உள்ளே வைப்பதுதான் புத்திசாலித்தனம். திரையில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். அபௌட் போனில் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் டிபிஎம் என்ற அலகில் எண் இருக்கும். மைனஸ் 85, 90 என்றால் நன்று. மைனஸ் 110ஐத் தாண்டி மைனஸ் 115, 120 என்று போனால் எந்தக் கேபிளும் காப்பாற்றாது. போனை வீட்டில் நாலு இடத்தில் வைத்து இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் பலன் மற்ற எல்லா மாற்றங்களையும்விடப் பெரிது. ஹாட்ஸ்பாட்டில் பேண்ட் 5 கிகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் வேகம் கூடும், சுவரைத் தாண்டும்போது வலு குறையும். பழைய லேப்டாப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸும் தெரியாது, டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் தெரியாது, 2.4, டபிள்யூபிஏ2 என்று வைத்துவிடுங்கள். பத்து நிமிடம் யாரும் இணையாவிட்டால் அணைந்துவிடும் அமைப்பும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

போனில் பேசிக்கொண்டிருக்கும்போது நெட் நின்றால் வோல்டி, அதாவது 4ஜியிலேயே கால் பேசும் வசதி, ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் கால் வரும்போது போன் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிவிடும். இரண்டு சிம் போனில் டேட்டா இல்லாத சிம்முக்குக் கால் வந்தாலும் நெட் நிற்கலாம். முக்கியமான மீட்டிங்கின்போது மற்ற சிம்மை அணைத்துவைப்பது நல்லது.

இணைந்திருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை என்றால் கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் போன் முகவரியே தரவில்லை. டெதரிங்கை அணைத்துப் போடுங்கள், அதிலும் சரியாகாவிட்டால் போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். முகவரி சரியாக இருந்து, 8.8.8.8க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறது, தளங்களின் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். அந்த இணைப்பின் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கையால் கொடுங்கள்.

அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் விபிஎன் இணைகிறது, ஆனால் உள்ளே எதுவும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பது வேறு வகை. மொபைல் நெட்வொர்க்குகள் பல உள்ளே ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில் ஓடுகின்றன. பழைய ஐபிவி4 முறையில் வரும் நம் டேட்டா பொட்டலத்தை மாற்றி அனுப்பும்போது தலைப்பகுதி 20 பைட் வீங்குகிறது. விபிஎன் தன் பங்குக்கு இன்னும் சேர்க்கிறது. 1500 பைட் எல்லையைத் தாண்டிய பொட்டலங்கள் வழியில் விழுந்துவிடுகின்றன. சின்னப் பொட்டலங்கள் போய்ச் சேர்வதால் இணைப்பு உயிரோடு இருப்பது போலத் தெரியும். அந்த இணைப்பின் எம்டியூவை, அதாவது ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவை, 1400 என்று குறைத்துப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் 1300. இன்னொன்று: ஆண்ட்ராய்டு போனில் ஓடும் விபிஎன் டெதரிங்கில் இருக்கும் கணினிக்குப் பொதுவாகப் பொருந்தாது. கணினிக்கும் விபிஎன் வேண்டுமென்றால் கணினியில்தான் போட வேண்டும்.

போனில் வைஃபை ஓடினால் கணினிக்குப் போவது அந்த வைஃபை நெட்தான் என்று முதலில் சொன்னதைத் தலைகீழாகப் பயன்படுத்தும் ஒரு நேரமும் வரும். புதிதாகக் கட்டிய டெஸ்க்டாப்பில் வைஃபை கார்டு இல்லை, அல்லது விண்டோஸ் 11 நிறுவும்போது வைஃபை டிரைவர் இல்லாமல் நெட் கேட்டு நிற்கிறது. அப்போது போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, வீட்டு வைஃபையில் இணைத்து, கேபிளைச் சொருகி யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். போன் ஒரு வைஃபை டாங்கிளாக வேலை செய்யும். நிறுவலை முடித்து, வைஃபை டிரைவரை இறக்கிப் போட்டதும் போனைக் கழற்றிவிடலாம். சிம்மிலிருந்து ஒரு எம்பிகூடப் போயிருக்காது.