4294967297: நோட்டிலும் பென்சிலிலும் மூன்று இரவுகள்

கால்குலேட்டரைத் தொடாமல் 4294967297-ஐக் காரணிப்படுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் கிடைக்கும் எண் இது. வாய்விட்டுச் சொன்னால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2-இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்று போகும் வரிசையில் ஆறாவதாக நிற்கிறது. முன்னால் நிற்கும் ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படித்தான் என்று 1640-இல் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் இதன் காரணியைக் கண்டுபிடித்துவிட்டார்.

முதல் இரவு. இதன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுப்பது ஆகிற காரியமில்லை. ஆனால் இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். ஆய்லர் நிறுவிய இந்த ஒரு வரிதான் என்னை உட்காரவைத்தது. அப்படிச் சலித்தால் முதலில் தேறுபவை 193, 257, 449, 577, 641. முதல் நான்கால் வகுத்தேன். மீதி முறையே 109, 2, 325, 288.

641-க்கு வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. 4294-இல் 6 தடவை, மீதி 448. 9-ஐ இறக்கினால் 4489. 7 தடவை, மீதி 2. கடைசியில் மறுபடியும் அதே 448 மீதியாக வந்தது. இந்த முறை இறங்கியது 7. 4487 என்பது சரியாக 641-இன் ஏழு மடங்கு. மீதி பூஜ்யம்! பென்சிலை வைத்துவிட்டுச் சற்று நேரம் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈவு 670417 என்று எழுதியிருந்தேன். பெருக்கிச் சரிபார்த்தால் 429737297 வந்தது. ஓர் இலக்கம் குறைகிறது. 26, 267 என்று இரண்டு முறை 641 போகாத இடத்தில் ஒரே ஒரு பூஜ்யம் போட்டிருக்கிறேன். சரியான ஈவு 6700417.

இரண்டாம் இரவு முழுவதும் இந்த 6700417-க்கே போயிற்று. இது பகா எண்தானா? இதன் காரணி எதுவானாலும் பழைய எண்ணுக்கும் காரணிதான், அதனால் அதே சல்லடை இங்கும் செல்லும். வர்க்கமூலமான 2588 வரை பார்த்தால் போதும். 1878-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா சல்லடையை இன்னும் இறுக்கினார்: 64 அல்ல, 128-ஆல் வகுத்தாலே மீதி 1 வர வேண்டும். அப்படியானால் 257, 641, 769, 1153, 1409 ஐந்து மட்டுமே மிஞ்சுகின்றன. 257-ஐ முதல் இரவே கழித்தாயிற்று. மற்ற நான்கின் மீதிகள் 44, 120, 334, 622. எதுவும் வகுக்கவில்லை, 6700417 பகா எண்தான். இதை முன்பே கவனித்திருந்தால் முதல் இரவில் ஐந்து வகுத்தலுக்குப் பதில் 257, 641 இரண்டோடு முடிந்திருக்கும்.

மூன்றாம் இரவு பக்கத்து எண்ணை எடுத்தேன். இரண்டைக் கழித்தால் 4294967295. அது 3, 5, 17, 257, 65537 ஐந்தின் பெருக்கற்பலன். வரிசையில் முன்னால் நின்ற அத்தனை பேரும் அங்கே கூடியிருக்கிறார்கள். அளவுகோலும் காம்பஸும் கொண்டு வரையமுடியும் என்று நாம் அறிந்தவற்றில், ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட மிகப் பெரிய ஒழுங்குப் பலகோணத்துக்கு இத்தனை பக்கங்கள். ஆறாம் எண்ணைவிட இதுவே எனக்கு அழகாகத் தெரிகிறது.

அடுத்தது 2-இன் 64ஆம் அடுக்கோடு 1. அதை 1880-இல் லாண்ட்ரி உடைத்தார். சிறிய காரணி 274177. சல்லடை இப்போது 256. நேற்று 769-ஐப் போட்டுப் பார்த்தேன். மீதி 362.