அந்த ஸ்டிக்கரில் இருந்த பெண்

போன வாரம் ஒரு ராத்திரி, என் மகளின் போன் மேஜை மேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. வகுப்பு வாட்ஸ்அப் குழு. "என்னம்மா இவ்வளவு மெசேஜ்?" என்றதும் அவள் முகம் மாறியது. கொஞ்ச நேரம் கழித்து அவளே காட்டினாள்.

கூடப் படிக்கும் ஒரு பெண் தும்மும் நொடியில் யாரோ எடுத்த படம். கண் பாதி மூடி, வாய் கோணி. அதை வெட்டி ஸ்டிக்கராக்கியிருந்தார்கள். "நாளைக்கு டெஸ்ட் இருக்கா?" பதிலுக்கு அந்த முகம். "குட் நைட்." மறுபடி அந்த முகம். நடுவில் அந்தப் பெண்ணே, "ப்ளீஸ், டெலீட் பண்ணுங்க" என்று எழுதியிருந்தாள். அதற்கு 17 சிரிப்பு.

"நான் எதுவும் போடலப்பா" என்றாள் மகள்.

உண்மைதான், போடவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என்னை என் பதினான்கு வயதுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு அப்போது பேச்சு திக்கும். வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன்' சொல்ல முடியாமல் 'உ'விலேயே நிற்பேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் "உ... உ..." என்று இழுப்பான். அவன் முகம்கூட இப்போது சரியாக நினைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நண்பன், சரியாக அந்த நேரம் பார்த்து நோட்டில் மார்ஜின் போடத் தொடங்குவான். அவனுடைய ஸ்கேலின் உடைந்த முனை இன்னும் கண்ணில் நிற்கிறது.

எனக்காவது மணி அடித்தால் விடுதலை. வீட்டுக்குள் அந்தக் குரல் வராது. இந்தப் பெண்ணுக்கு அது தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

கனடாவில் பள்ளி மைதானத்தில் சின்னப் பிள்ளைகளை வீடியோ எடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2001இல் வந்தது. அதை மகளிடம் சொன்னேன். ஒரு பிள்ளையை மற்றவர்கள் படுத்தியபோது, 100க்கு 88 தடவை வேறு பிள்ளைகளும் அங்கே நின்றிருக்கிறார்கள். குறுக்கே போனது 19 தடவைதான். ஆனால் யாராவது போனபோது, பாதிக்கு மேல் 10 விநாடிக்குள் அடங்கிவிட்டது.

"குரூப்ல கேட்டா அடுத்த ஸ்டிக்கர் நான்தான்ப்பா."

அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்க்ரீன்ஷாட்டை வகுப்பு ஆசிரியருக்கு அனுப்புவது பெரியவன் வேலை, அதை நான் செய்தேன். "சரி, அவளுக்குத் தனியா ஏதாவது எழுதலாமே" என்றேன்.

எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் ஒரே வரி: "நாளைக்கு என்கூட உட்கார்றியா?"

நீல டிக் உடனே விழுந்தது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நிஜமாவா?" என்று வந்தது.